குக்கர் படத்துக்குக் கீழே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? மாத்திரையை நிறுத்திடாதீங்க.

போன வாரம் ஒரு கூத்து. எங்க ஆன்லைன் கடையோட ஃபேஸ்புக் பக்கத்துல நான் போட்ட குக்கர் படத்துக்குக் கீழே, "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டிருந்தீங்களே, அது எனக்கு மட்டும் தெரியும்னா நினைச்சீங்க? முன்பின் தெரியாத முந்நூறு பேர் "சாப்பிட்டேன்ப்பா"ன்னு பதில் போட்டாங்க. குக்கர் அத்தனையும் வித்துப்போச்சு. முதலாளி, "அந்தப் பெரியவரைத் தினமும் கேட்கச் சொல்லு"ங்கறார். என்னால உங்களுக்குக் கடை பேர்ல "உங்கள் ஆதரவுக்கு நன்றி"ன்னுதான் போட முடிஞ்சது. கோவிச்சுக்காதீங்க.

யாராவது இந்தப் பக்கம் வந்தா என் பழைய டம்ளரைக் கொடுத்தனுப்புங்க. கடையில நூறு விதம் இருக்கு, ஒண்ணும் கைக்கு அடங்கலை.

பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து எழுதறேன், பஸ் வந்துடுச்சு. ஊரே பதில் சொல்லியாச்சு, நான்தான் பாக்கி. சாப்பிட்டேன்ப்பா. தனியாத்தான்.

உங்கள் மகள்