கல்லுமேட்டுப் பீப்பாயில் நான் ஊற்றியது

மார்ச் 4

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இருபத்தாறு வருஷமாக ஒயின் நிலவறையில் வேலை. ஆனால் எனக்கு மிளகு வாசம் தெரியாது. எங்கள் கல்லுமேட்டுத் தோட்டத்துச் சிரா திராட்சை ஒயினை முகர்ந்ததும் எல்லாரும் கண்ணை மூடி "ஆகா, மிளகு!" என்பார்களே, அது எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நானும் கூடவே கண்ணை மூடிக்கொள்வேன்.

இன்று வந்த ஒரு அம்மா, "மிளகு எவ்வளவு தூக்கலா இருக்கு, இல்ல?" என்று கேட்டார். "ஆமாங்க, அரைக்கிறவன் கைய கொஞ்சம் அடக்கச் சொல்றேன்" என்றேன். ஒரே சிரிப்பு. சிரித்துவிட்டால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

மார்ச் 9

முதலாளியம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். பத்து வருஷத்துக் கல்லுமேட்டுச் சிராவையும் சுவை பார்க்க வரிசையாகத் திறக்கப் போகிறாராம். வெளியூரிலிருந்து வாங்குகிறவர்கள் வருகிறார்கள்.

"உன் அத்தானையும் கூட்டிட்டு வா. அவர் செஞ்ச ஒயினும் அதுல இருக்கே."

கிண்டல் ஏதும் இல்லாமல் சரி என்றேன். "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மார்ச் 10

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அத்தான் என் அக்கா புருஷன். அப்போது நிலவறை முழுக்க அவர் கையில். ஆறாம் வகுப்பைத் தாண்டாத என்னை இங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். கல்லுமேடு என்றால் கல்லுமேடு மட்டும்தான், வேறு தோட்டத்துச் சொட்டுகூட உள்ளே போகக் கூடாது என்பார். அதனால்தான் லேபிளில் அந்தத் தோட்டத்தின் பெயர்.

பீப்பாய் மரம் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். குறைகிறதை வாராவாரம் அதே தோட்டத்து ஒயினால் நிரப்ப வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பீப்பாய் வைத்திருப்போம். எட்டு வருஷத்துக்கு முந்தின அந்தக் குளிர்காலத்தில் அதன் பக்கத்திலேயே, சீக்கிரம் தளர்ந்துபோகிற ஓடைக்கரைத் தோட்டத்து ஒயின் பீப்பாயும் நின்றது. தரை கழுவும்போது இரண்டிலும் இருந்த சுண்ணாம்புக் குறியை நானே தண்ணீரடித்து அழித்துவிட்டேன்.

அத்தானைக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார்? "மோந்து பாருடா, மிளகு வர்றதுதான் கல்லுமேடு." மோந்தால் என் குட்டு உடையும். கேட்கவில்லை. ஏதோ ஒன்றைக் கைகாட்டி, குளிர்காலம் முழுக்க அதிலிருந்தே ஊற்றினேன். கோடையில் மற்ற பீப்பாயைக் கவிழ்த்தபோது அடியில் அத்தான் கையெழுத்து: கல்லுமேடு.

பாட்டிலில் அடைக்கும் முன் அத்தான் மூன்று தடவை முகர்ந்தார். "மிளகு பின்னால போயிருச்சே… எதோ குறையுது." முதலாளியம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கா தெரியும்? "அப்ப என் மூக்குதான் போச்சு" என்றார். இரண்டு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்பும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூக்குக்கும் ரிட்டையர்மென்ட் உண்டு அத்தான்."

அவரும் சிரித்தார். எதற்குடா அதைச் சொன்னேன்?

மார்ச் 21

அழைக்கப் போனேன். அக்கா சொன்னாள்: "குழம்புல உப்பு சரியான்னு கேட்டாக்கூட 'என்னைக் கேக்காதே'ங்கிறார்டா. எட்டு வருஷமா இதே பாட்டு."

வருகிறேன் என்றாராம்.

ஏப்ரல் 2

அத்தான் வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

பத்துக் கிளாஸ். இளசு மையைப் போலக் கறுப்பு, துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு விடாது. வயசானது ஓரத்தில் செங்கல் நிறம். பழைய தோல் பெல்ட், ஈர மண், காய்ந்த பழம், கொஞ்சம் புகை. அதெல்லாம் எனக்கும் வரும். முரட்டுப் பயல் மெல்ல மெல்லப் பொறுமைசாலி ஆகிற மாதிரி. பத்து வருஷத்தது அப்படித்தான் இருந்தது. ஆனால் எட்டு வருஷத்தது அதையும் தாண்டித் தளர்ந்துபோயிருந்தது. சிவப்பே பாதி போய்விட்டது.

"இது மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டிருச்சு?" என்றார் வாங்க வந்தவர்.

அத்தான் எழுந்து நின்றார். "நான் செஞ்சதுங்க. மூக்கு போனது தெரியாம பாட்டில்ல அடைச்சிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவர் நின்றதைப் பார்க்க முடியவில்லை. "அதுல ஓடைக்கரை கலந்திருக்கு. நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியம்மாகூட, "இவன் ஒருத்தன், எப்பப் பாத்தாலும்" என்றார்.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கிளாஸை மறுபடி எடுத்து ரொம்ப நேரம் முகர்ந்தார். "ஓடைக்கரை" என்றார், தனக்குத்தானே. வைத்துவிட்டு வெளியே போனார். என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 3

முதலாளியம்மாவிடம் சிரிக்காமல் திரும்பச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷத்துப் பாட்டிலை எல்லாம் அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார். நான் இனி பீப்பாயைத் தொடக் கூடாது. கழுவுகிற வேலை மட்டும்.

சரிதான்.

ஏப்ரல் 11

அக்கா போன் பண்ணினாள். அத்தான் யாரோடும் பேசுவதில்லையாம். ஒரே தடவை சொன்னாராம்: "எட்டு அறுவடை போச்சுடி. நல்லா இருந்த மூக்கு."

போனை வைக்கும் முன், "நீ இப்ப வராதே" என்றாள்.

ஏப்ரல் 19

கழுவினேன்.

மே 6

முதலாளியம்மா கூப்பிட்டு, அத்தான் புதுப் பீப்பாய்களைப் பார்க்க வந்தார். நான் மூலையில் தரை தேய்த்துக்கொண்டிருந்தேன். முதல் பீப்பாயின் அடைப்பு இறுகியிருந்தது. யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து விரலை மட்டும் அசைத்தார். மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஈரக் கை. சுத்தி நழுவி அவருடைய இடது கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

"அடப்பாவி!" என்றார். முப்பத்துநாலு நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

ஐஸ் வைத்தோம். நகம் கறுத்துவிட்டது. விழுந்துவிடும், புதுசு முளைக்க ஒரு வருஷம் ஆகலாம் என்றார் டாக்டர்.