பூப்பொட்டலத்துக்குள் இன்னொரு பை

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன், இஷ்ரத் அக்கா. அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது ஷிபா. இனி ‘நான்’ என்று வருவதெல்லாம் அம்மா.

அன்பு மகள் இஷ்ரத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மதுரையில் அத்தாவும் நானும் தங்கச்சியும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், குவாஹாத்தியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று கேட்டால்தான் எங்கள் நலம் முழுசாகும். இருமல் விட்டதா? போன வாரம் அத்தா அனுப்பிய பூப்பொட்டலப் போட்டோவை உன் ஆராய்ச்சி ரிப்போர்ட்டில் சேர்க்கப் போவதாகச் சொன்னாயே, அதைச் சேர்க்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

நார் கலந்ததும் கலக்காததுமாக நீ செய்து அனுப்பிய பைகளை எடுத்துக்கொண்டு அத்தாவும் ஷிபாவும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனார்கள். நம் கடையில் பிளாஸ்டிக் கவர் வாங்குகிற பூ வியாபாரி பேயாண்டி அண்ணன் அன்று சென்னைக்கு மல்லிகை அனுப்பிக்கொண்டிருந்தார். நம்ம பிள்ள செஞ்சதுண்ணே, மரவள்ளி மாவுல வார்த்தது, வாழைநாரக் கண்ணுக்கே தெரியாம நுணுக்கிக் கலந்திருக்கு, நானோ செல்லுலோஸுன்னு பேரு, மண்ணுல போட்டா மக்கிப்போகும் என்று அத்தா சொல்ல, அவர் இழுத்துப் பார்த்துவிட்டு, நல்ல வலுவாத்தான் இருக்கு பாய், பூ விக்கலைன்னா பையவாச்சும் அப்பளமாப் பொரிச்சுத் திங்கலாம் என்று சிரித்தாராம். பிறகு வழக்கம்போலப் பூவில் தண்ணீரைத் தெளித்து உள்ளே போட்டிருக்கிறார். நீ இந்த ஊர்ப் பிள்ளை, பூவை நனைத்துத்தான் கட்டுவார்கள் என்பது உனக்கு எப்படியம்மா மறந்தது? அங்கே உலர்ந்த பையைத்தான் இழுத்து இழுத்துச் சோதித்தாய் போலிருக்கிறது.

நார் கலக்காத பை சற்று நேரத்தில் ஆறின கஞ்சியின் ஆடை மாதிரி வழுக்கி விண்டுபோனது. நார் கலந்தது கிழியவில்லை, ஆனால் தொளதொளவென்று இளகி, ஒட்டின ஓரம் பிரிய ஆரம்பித்தது. பேயாண்டி அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அத்தா அங்கே கிடந்த மெல்லிய பிளாஸ்டிக் பையில் பூவை மாற்றி, அதற்கு மேலே உன் புதுப் பை ஒன்றைப் போட்டுக் கட்டிவிட்டார். அந்தப் பொட்டலம்தான் சென்னையில் நல்லபடியாக இறங்கியது. உன்னிடம் இருக்கும் போட்டோ அதுதான். ஷிபா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், அத்தாவைக் காட்டிக்கொடுப்பதா என்று தவித்துவிட்டு நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள். அவரைக் கேட்டேன். அம்புட்டுப் பேரு முன்னால எம்பிள்ள தோத்துப்போறதப் பாக்கச் சொல்றியா சுல்தானு என்றார். அவர்மேல் கோபப்படாதே. நீ சைக்கிள் பழகும்போது, விட்டுட்டேன் விட்டுட்டேன் என்று கத்திக்கொண்டே சீட்டை விடாமல் தெரு முழுக்க ஓடிவந்த மனுஷர் அவர்.

இன்று காலை நானே போய்ப் பேயாண்டி அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். பாய் என்னையவே ஏமாத்திட்டாரா என்று கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். அப்புறம், நார் போட்ட பை கிழியலைல்ல தங்கச்சி, அப்பப் பாதிக் கெணறு தாண்டியாச்சு, தண்ணி தாங்குற மாதிரிச் செஞ்சு அனுப்பச் சொல்லுங்க, நானே நனச்சுக் கட்டிப் பாக்குறேன் என்றார். இளகின பைகளை உலர்த்தி இதோடு வைத்திருக்கிறேன். உன் சாரிடம் இவற்றையே காட்டு. திட்டினால் கேட்டுக்கொள். பொய்யான வெற்றியை வைத்துக்கொண்டு நீ தூங்க முடியாதவள், நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாதா. அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத்தும் மனசுக்குத் தெம்பும் தரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், தேநீரில் இஞ்சி தட்டிப் போட மறக்காதே.

துஆவுடன் உன் அம்மா,
சுல்தான் பீவி

அக்கா, இது ஷிபா. கடையில் வைத்துக் கடிதத்தை அத்தா வாங்கி நின்றபடியே இரண்டு முறை படித்தார். ஒரு வார்த்தையையும் அடிக்கச் சொல்லவில்லை. அடுத்த பையப் பேயாண்டியே கட்டட்டும், நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன். உறையை அவரே ஒட்டுவதாகச் சொல்லிக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.