உறை மாறிய ராஜினாமா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது என் வழக்கம், இந்த முறை பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சுற்றி வளைத்து எழுதினால் எங்கள் கான்வென்ட் பள்ளி சிஸ்டர்கள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு காலையில் உன்னிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு கடிதம் வந்தது. அது எனக்கு எழுதியது அல்ல. மேலே உன் துறைமுக அலுவலகத் தலைவரை விளித்திருக்கிறாய், கீழே உன் கையெழுத்து இருக்கிறது, நடுவில் இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டு விலகிக்கொள்வதாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். மழையைப் பற்றிச் சொன்னாய், குழந்தைக்குப் பல் முளைப்பதைச் சொன்னாய், என் முழங்கால் தைலம் தீர்ந்ததா என்று கேட்டாய், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. பெருந்தன்மையால் அல்ல, எங்கே தொடங்கிக் கேட்பது என்று தெரியாததால்தான். எனக்கு ஒன்று தெரியவில்லை என்று நான் எழுதி நீ வாசித்திருக்க மாட்டாய், இப்போது வாசித்துக்கொள்.

இதைத் தனியாக வைத்து யோசித்திருந்தால் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன், ஆனால் அதே வாரம் சாப்பாட்டு மேஜை முழுக்க உன் அப்பாவின் கொள்ளுத்தாத்தா கிடந்தார். கல்லூரியைத் தொடங்கிய போதகர், நம் வீட்டில் எல்லோரும் பெரியவர் என்று சொல்கிறவர், அவருடைய கடிதங்களைத்தான் சொல்கிறேன். கல்லூரி நூலகத்தில் அவற்றை வாங்கிப் பாதுகாக்கப் போகிறார்கள். அதற்காக ஒரு பெண் வருகிறாள், கெட்டிக்காரி, கைக்கு வெள்ளை உறை போட்டுக்கொண்டுதான் தாளைத் தொடுவாள், ஆனால் பழைய தாளின் தூசி அவளுக்கு ஆகாது, தும்மிக்கொண்டே இருப்பாள், தும்மல்காரி என்றுதான் உன் அக்கா சொல்கிறாள். அவள் இரண்டு அட்டைப்பெட்டிகளை என் முன்னால் வைத்து, ஒன்றில் சொந்தம் என்றும் மற்றதில் அலுவல் என்றும் எழுதி ஒட்டினாள். மனைவி மக்களுக்கு எழுதியது இதில், கல்லூரிக்காக எழுதியது அதில், பிரித்து வையுங்கள், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன், உங்களைவிட இதை ஒழுங்காகச் செய்ய ஆள் ஏது என்றாள். நானும் அதில் மயங்கிச் சரி என்றேன்.

பிரித்துப் பார்த்தால்தானே தெரிகிறது. அந்த மனிதர் பிரிக்கிற மாதிரி எழுதவில்லை. அப்போது கல்லூரிக்குச் சுவர் மட்டும்தான், கூரை இல்லை, குடும்பம் தங்க வீடும் இல்லை, அதனால் மனைவியும் பிள்ளைகளும் தொலைவில் அவர் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மனைவிக்கு எழுதும் கடிதத்தில் செங்கல் சரியாக வேகவில்லை என்று இரண்டு பக்கம் எழுதுகிறார். செங்கல் சூளைக்காரனுக்கு எழுதும் கடிதத்தில் தன் மனைவிக்குப் பல்வலி, அதற்கு உன் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். கணக்கு ஆசிரியர் ஒருவரை வேலைக்குக் கூப்பிடுகிற கடிதத்தில் சம்பளம் கடைசி வரியில் வருகிறது, அதற்கு முன்னால் அழுகிற கைக்குழந்தையை எப்படித் தோளில் போடுவது என்று ஒரு பத்தி, ஏனென்றால் அந்த ஆசிரியருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததாம். நான் ஒரு தாளைச் சொந்தத்தில் வைப்பேன், கடைசி வரியை வாசித்துவிட்டு அலுவலுக்கு மாற்றுவேன், மறுநாள் காலையில் காபியோடு வந்து திரும்பச் சொந்தத்துக்கே கொண்டுவருவேன். உன் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, அண்ணி சீட்டு விளையாடுகிறாரா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தன் காபிக் கோப்பையைக் கட்டிடக் குழுவுக்கு எழுதிய தாளின் மேல் வைத்தார், வட்டமாகக் கறை விழுந்தது, அவரை நாற்காலியோடு ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வைத்தேன்.

பெரியவர் கடிதம் எழுதுகிற முறை ஒன்று இருந்தது, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அவர் வாரம் முழுவதும் எழுதமாட்டார். சனிக்கிழமை பிற்பகலில் உட்கார்ந்து முதலில் உறைகளின் மேல் முகவரிகளை எழுதி, மை காய்வதற்காக அவற்றைக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பி வைப்பார். பிறகுதான் கடிதங்கள். எல்லாம் முடிந்ததும் மடித்து மடித்து ஒவ்வொன்றாக உள்ளே போட்டு ஒட்டுவார். இதை அவரே ஒரு நண்பருக்குப் பெருமையாக எழுதியிருக்கிறார், நேரம் மிச்சமாகிறதாம். என்னிடம் கேட்டிருந்தால் கூடாது என்று சொல்லியிருப்பேன். முகவரி எழுதிய உறை காலியாக ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது என்று எங்கள் கான்வென்டில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர் மனைவி பெயரும் மாமனார் வீட்டு முகவரியும் எழுதிய ஓர் உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது அவளுக்கு எழுதியது அல்ல. கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு எழுதிய ராஜினாமா. அரைப் பக்கம்தான், நல்ல கையெழுத்து, ஓர் அடித்தல் இல்லை. "இந்தப் பொறுப்பைச் சுமக்க என்னால் இயலவில்லை, என்னைவிடத் தகுந்த ஒருவரைத் தேடிக்கொள்ளும்படி மன்றாடுகிறேன்" என்று இருக்கிறது. அந்த வரியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தேன். உனக்குத் தெரியும், ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி நிறுவனர் நாளில் உன் சித்தப்பா மேடையேறிச் சொல்வது ஒன்றுதான், எங்கள் பெரியவர் ஒரு நாள்கூட, ஒரு நொடிகூட, விட்டுவிட்டுப் போக நினைத்தவர் அல்ல என்று. நானும் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டியது மட்டுமா, உனக்குச் சாதம் ஊட்டும்போது சொன்னதும் இதுதான்.

மறுநாள் தும்மல்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தும்மக்கூட மறந்து நின்றாள். பிறகு ஓடிப்போய்க் கல்லூரியில் இருந்த நிர்வாகக் குழுவின் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள், இது எப்படி இங்கே வந்தது என்று அங்கே யாருக்கும் புரியாமல் கிடந்த தாளாம். அதே தேதி, அதே மை. "சின்னவனுக்குக் காய்ச்சல் இறங்கிற்றா, நீ எழுதாமல் இருப்பது எதனால், நான் இங்கே கூரையில்லாத அறையில் விழித்துக் கிடக்கிறேன், இது யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று போகிறது. மனைவிக்கு எழுதியது, குழுவுக்குப் போயிருக்கிறது. தாளின் பின்பக்கம் குழுவின் செயலாளர் எழுதியிருக்கிறார், அவர் கையெழுத்து மோசம், ஆனால் விஷயம் நன்றாக இருக்கிறது: "இது நமக்கு எழுதப்பட்டதன்று. ஆயினும் வாசித்துவிட்டோம்." அதற்குக் கீழே, போதகரின் மரத்தடி வகுப்புகளை இன்னொருவர் எடுக்கவும் அவர் உடனே வீட்டுக்குப் போய் வரவும் ஏற்பாடு என்று இருக்கிறது. ராஜினாமா அவர்கள் கைக்குப் போயிருந்தால் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டு நன்றித் தீர்மானம் போட்டிருப்பார்கள், இன்றைக்கு அந்த இடத்தில் வேறு ஏதாவது இருந்திருக்கும். இதுவரை எனக்குப் புரிகிறது. இதற்குப் பிறகுதான் குழப்பம்.

தும்மல்காரி அது கைத்தவறுதான் என்கிறாள், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு உறை, அவ்வளவே. உன் சித்தப்பாவிடம் காட்டியபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "அண்ணி, அவ்வளவு பெரிய மனுஷன் உறையை மாத்திப் போடுவாரா? ராஜினாமாதான் எழுதுவாரா? யாரோ வேண்டாதவன் வேலை. அடுப்புல போடுங்க, நான் பார்க்கல" என்றார். நம் வீட்டில் எரிகிறது எரிவாயு அடுப்பு, அதில் தாளை எரித்தால் சமையலறைதான் பாழாகும் என்றேன். மறுபடியும் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், நிறுவனர் நாள் பேச்சு அவருக்கு மனப்பாடம், வேறு எதுவும் மனப்பாடம் இல்லை. உன் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். பெரியவர் சங்கதியை மட்டும்தான், உன்னுடையதைச் சொல்லவில்லை, பயப்படாதே. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தெரிஞ்சுதாம்மா பண்ணியிருப்பார். வாயால சொல்ல முடியாதவங்கதான் உறையை மாத்திப் போடுவாங்க" என்றாள். கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டேன், அவள் கோபித்துக்கொண்டிருப்பாள், நீ பேசினால் இணைப்பு அறுந்துபோனதாகச் சொல்.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். நீ தெரிந்து அனுப்பினாயா, கை தவறி வந்ததா? தவறி வந்தது என்றால் எனக்கு வரவேண்டியது எங்கே போயிற்று, உன் அலுவலகத் தலைவர் என் தைலத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறாரா? தெரிந்து அனுப்பினாய் என்றால் ஞாயிற்றுக்கிழமை நான் கேட்பேன் என்று காத்திருந்தாயா, நான் கேட்கவில்லையே, மழையைப் பற்றித்தானே நானும் பேசினேன். எனக்கு ஒரு பக்கம் கோபம் வருகிறது, சின்ன வயதிலிருந்து கப்பல் கப்பல் என்று சொல்லி அந்த வேலையில் சேர்ந்தவன் அதை விட்டால் என்ன செய்வாய் என்று. இன்னொரு பக்கம், விட்டால்தான் என்ன என்றும் இருக்கிறது. காலையில் ஒன்று சரியாகத் தோன்றுகிறது, கஞ்சி குடித்து எழுந்தால் மற்றது சரியாகத் தோன்றுகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன் கடிதத்தில் சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று இருக்கிறது. எந்தச் சொந்தம்? மருமகளா, குழந்தையா, நானா? இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டில் அந்தச் சொல்லை நீ அவ்வளவு சுலபமாக எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளியும் இல்லை.

பெரியவரின் மனைவி என்ன செய்தாள் என்று தேடித் தேடிப் பார்த்தேன். அவள் எழுதியது ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு அவர் அவளுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவள் அந்த ராஜினாமாவைக் குழுவுக்கும் அனுப்பவில்லை, கிழிக்கவும் இல்லை. அவர் வந்து சாப்பிட்டுக் கைகழுவும்வரை ஒன்றும் பேசாமல் இருந்து, பிறகு அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்திருக்கிறாள். "நீ கண்டித்திருந்தால் அதைக் கொடுத்திருப்பேன், தேற்றியிருந்தாலும் கொடுத்திருப்பேன். நீயோ நான் உறங்குகிறேனா என்று மாத்திரம் கேட்டாய்" என்று எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதும் அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை. ராஜினாமா மட்டும் அவள் உறையிலேயே இருந்துவிட்டது. இத்தனை நாள் உனக்கு என்னென்ன புத்தி சொல்லலாம் என்று மனதுக்குள் பத்தி பத்தியாக எழுதிவைத்திருந்தேன், நல்ல நடையில்தான். அவற்றில் ஒன்றையும் இதில் எழுதவில்லை, பார்த்தாயா.

ஆகையால் உன் கடிதத்தை நான் அழிக்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை, கைபேசியில் வந்தபடி இருக்கிறது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உன் கையில். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. உனக்குத் தூக்கம் வருகிறதா?

மருமகளுக்கு என் அன்பு, குழந்தையின் ஈறில் சுத்தமான விரலால் மெதுவாகத் தேய்த்துவிடச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க நாள்தோறும் வேண்டுகிறேன், நிம்மதியை இந்த வாரம் இரண்டு முறை சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று. கல்லூரி முதல்வருக்கும் இப்போதுதான் ஒரு கடிதம் எழுதி முடித்தேன், எனக்கு மூன்றாவதாக ஒரு பெட்டி வேண்டும், அதன்மேல் ஒன்றும் எழுதி ஒட்டவேண்டாம், அந்த இரண்டு தாளையும் சேர்த்து அதில்தான் வைப்பேன் என்று. உனக்கும் அவருக்கும் எழுதிய இரண்டு கடிதத்தையும் உள்ளே வைத்து ஒட்டிய பிறகுதான் முகவரி எழுதுவேன். அப்படியும் உனக்குப் பெட்டி கேட்கிற கடிதம் வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்பாதே. இது முதல்வரிடம் போயிருக்கிறது, அம்மா என்னை ஒன்று கேட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, பதிலை மட்டும் எனக்கு எழுது.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா