ஏழாம் வால்வின் உண்ட மயக்கம்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் வால்வு இன்றும் அடைத்துக்கொண்டது. தினசரிச் சோதனையில், சரியாக ஒரு மணிக்கு. மூன்று மணிக்குத் தானாகவே திறந்தது. உண்ட மயக்கம் போலிருக்கிறது!

"நீ என்னதான்மா வேலை பண்றே?" என்றாள் மகள். சொன்னேன். கண்ணாடிகள் வெயிலைக் கோபுர உச்சியில் குவிக்கின்றன. அந்தச் சூட்டைக் குழாய் வழியே சுமந்து வருவது உருகிய வெள்ளீயம். 232 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும்.

"உன் கோபம் மாதிரியே. சூடா இருந்தா ஓடும், ஆறினா கல்லு மாதிரி உக்காந்துக்கும்."

அவள் அப்பாவின் வாய்.

மார்ச் 6, வியாழன்

ஏழாம் வால்வு வடிகாலில் இருக்கிறது. ஆபத்தென்றால் வெள்ளீயம் முழுவதும் அந்த வழியாகத்தான் தொட்டிக்கு இறங்க வேண்டும். அதுவரை அங்கே அசையாமல் நிற்கும். சுற்றியுள்ள சூடேற்றும் கம்பியும் அதன்மேல் சூட்டை வெளியே விடாத போர்வையும்தான் காப்பு. பதினான்காம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. அன்றும் அடைத்தால் இந்தச் சோதனைக் கோபுரத்தோடு, அடுத்துக் கட்டவிருக்கும் பெரிய கோபுரத்துக்கும் மூடுவிழா.

எலக்ட்ரீஷியன் அண்ணன் மூன்றாம் முறையாகக் கம்பியைப் பிரித்துச் சுற்றினார். எங்கள் தலைவர் எதையும் அளக்காமல் பேசமாட்டார். நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். அவர் அண்ணனிடம் சொன்னார்: "சுத்துனதுலதான் கோளாறு. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வேற ஆளப் பாக்கறேன்."

அண்ணன் என்னிடம் முணுமுணுத்தார்: "இதுக்கு மேல சுத்தினா நான் பம்பரம்தாம்மா."

மார்ச் 7, வெள்ளி

கணவரோடு சண்டை போட்ட அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன். கேன்டீனில் எதையோ தின்றேன். ஒரு மணிக்கு வால்வு சமர்த்தாகத் திறந்தது.

மார்ச் 8, சனி

ஐயோ.

போன மாதத்திலிருந்து தினமும் பதினொரு மணிக்கு என் டப்பாவை எங்கே செருகுகிறேன்? ஏழாம் வால்வின் போர்வைக்குள். இரண்டு மணிக்கு எடுத்தால் ஆவி பறக்கும். போர்வை விலகிச் சூடு கசிந்தால் வால்வு என்ன செய்யும், பாவம்? வெப்பக் கடத்தலில் பட்டம் வாங்கியவள் நான்!

கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்கே கரண்ட் கொடுக்கப் போறேன்னியே. முதல் கனெக்‌ஷன் உன் டப்பாவுக்கா?"

பேசாமல் டப்பாவை எடுத்துவிட்டால்? யாருக்கும் தெரியாது. ஆனால் பழி அண்ணன் தலையில் — ச்சே, அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். செய்தும் காட்டினேன். டப்பா உள்ளே: அடைப்பு. டப்பா வெளியே: திறப்பு.

அளவுகோல் நோட்டைத் திறந்தார். பிறகு, "டப்பா விட்டம் எவ்வளவு?"

"பதினாலு சென்டிமீட்டர், சார்."

குறித்துக்கொண்டு, தினமும் கடிக்கும் காய்ந்த ரொட்டியைக் கடிக்கப் போய்விட்டார். எதற்குக் கேட்டார்? வேலைநீக்க ஆணையில் அளவு எழுதுவார்களா என்ன?

அண்ணன் தீர்ப்பு சொன்னார்: "மூணு தடவ சுத்தினேன். மூணு நாள் உங்க டப்பா எனக்கு."

மார்ச் 14, வெள்ளி

திறந்தது! குழுவில் வந்த அம்மையார் விடவில்லை. "முன்னாடி ஏன் அடைச்சுது?"

அளவுகோல் முகம் மாறாமல் சொன்னார்: "அன்னியப் பொருள். அகற்றிட்டோம்."

அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

பெரிய கோபுரத்தின் வரைபடம் வந்தது. ஏழாம் வால்வின் பக்கத்தில், போர்வைக்கு வெளியே, சூடேறும் இரண்டு வட்டத் தட்டுகள். எதற்கென்று எழுதவில்லை, அளவு மட்டும், அளவுகோலின் கையெழுத்தில். ஒன்று பதினான்கு சென்டிமீட்டர். இன்னொன்று பதினெட்டு.

மதியம் அவர் மேசையை எட்டிப் பார்த்தேன். ரொட்டியைக் காணோம். பளபளவென்று ஒரு புது டப்பா.

அளந்து பார்க்கவில்லை.