பெட்டிக்குப் பதில் சொன்னவள்

ஆகஸ்ட் 1989, ஞாயிறு

தபாலில் பி.ஏ. படிப்பவர்களுக்கு இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நேர்முக வகுப்பு. பாடம் நடத்த ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். தொண்டை வேறு கட்டியிருந்தது. என் குரலில் பாடத்தைப் பதிந்த கேசட்டை டேப் ரெக்கார்டர் பெட்டியில் ஓடவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து வாசலில் நின்றபோது பெட்டி, "புரிகிறதா?" என்றது. எல்லாரும் பழக்கத்தில், "புரியுது சார்" என்றார்கள். வன்னியம்பட்டி மும்தாஜ் மட்டும், "புரியல சார்" என்றாள்.

"நல்லது, மேலே போவோம்" என்றது பெட்டி.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"ஏம்மா, பெட்டிக்குக் காது இருக்கா? எங்கிட்டல்லா சொல்லணும்?"

"போன மாசம் உங்ககிட்டதான் சார் சொன்னேன். நீங்களும் 'நல்லது, மேல போவோம்'னுதான் சொன்னீக."

இந்தத் தடவை ஒருத்தனும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"அம்புட்டுக் கஷ்டமா இருந்தா வீட்டுல இருந்து சோறாக்கு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் வரை நிமிரவில்லை. நல்லது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பாடத்தைப் பதிந்து முடித்தேன். "புரிகிறதா?" என்று எங்கேயும் கேட்கவில்லை.