வண்டிக்கு அடியில் விரித்த அட்டை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வேனை நகர்த்தியபோது, அது நின்றிருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை. தண்ணீர் என்றே முதலில் எண்ணினேன்; எங்கள் சலவை நிலையத்தின் வாசலில் ஈரத்துக்கா பஞ்சம்? விரலால் தொட்டு முகர்ந்தேன். இன்ஜின் ஆயில். வண்டி வாங்கி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை; உத்தரவாதமோ மூன்றாண்டுகளுக்கு. ஆகவே கலங்குவதற்கு ஏதுமில்லை என்று என் கணவரிடம் கூறினேன். கூறிய பிறகே கேட்ச் கேன் நினைவுக்கு வந்தது.

மார்ச் 4, புதன்

கலங்குவதற்கு இருக்கிறது.

முறையாக எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளிவு பிறக்கும். இன்ஜின் மூச்சு விடும்போது ஆயில் ஆவியும் சேர்ந்து வெளியேறுகிறது. அந்த மூச்சை இன்ஜினே மறுபடி இழுத்துக்கொள்ளும்படி ஒரு குழாய் அமைத்திருக்கிறார்கள். நாளடைவில் அவ்வழியெங்கும் பிசுக்குப் படியும். நடுவில் ஓர் அலுமினியக் குவளையைப் பொருத்தினால் ஆயில் அதிலேயே தங்கிவிடும். அதுதான் கேட்ச் கேன். வண்டி நிறுவனம் கொடுத்தது அன்று, வெளியில் வாங்கியது. சென்ற நவம்பரில் நானே பொருத்தினேன். பள்ளியைப் பாதியில் விட்டவள், கையேட்டை ஒரு பக்கம் விடாமல் படித்து, எந்த மெக்கானிக்கின் கையும் படாமல் செய்து முடித்தேன். "இவ வேலை சுத்தம்" என்று இவர் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து நாத்தனாருக்கு நான் 'இன்ஜினியரம்மா'.

உத்தரவாதப் பகுதியை இன்று மீண்டும் படித்தேன். வெளிப்பொருள்களைப் பொருத்துவதால் விளையும் சேதங்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. வாசகம் செம்மையாகவே அமைந்திருக்கிறது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மார்ச் 6, வெள்ளி

மருத்துவமனையின் துணிப்பிரிவு மேற்பார்வையாளர் அம்மா ஒரு மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்; அப்படியே திருப்பிக் கொடுத்தார். விரிப்புகளில் கறை ஏதுமில்லை. வேனில் வந்ததில் ஏறிய கருகிய ஆயில் வாடை.

"நோயாளி படுக்கிற விரிப்பும்மா இது. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற இடம் பாத்துக்குவேன்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. எங்கள் வேலையில் பாதி அந்த மருத்துவமனையினுடையது. அது போனால் இரண்டு இயந்திரங்களுக்குத் துணி போட்டு மூடிவைக்க வேண்டியதுதான்.

மார்ச் 7, சனி

கேனைக் கழற்றிவிட்டு, நிறுவனத்தின் பழைய குழாயை மாட்டி, சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது இவருடைய யோசனை. "கேட்டா பாத்துக்கலாம். கேக்காட்டி நாம ஏன் சொல்லணும்?"

நான் வாதிட்டேன். பிறகு எனக்கே ஒரு தர்க்கம் தோன்றியது: என் பொருத்தலில் பிழை இல்லை; பிழை இல்லாத ஒன்றை மறைப்பதில் குற்றமும் இல்லை. எவ்வளவு நேர்த்தியான தர்க்கம்! கழற்றினேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்ஜினையும் துடைத்துக் கழுவினேன்.

மார்ச் 9, திங்கள்

தலைமை மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, விளக்கடித்து, மேலும் கீழும் தேடினார். ஒரு சொட்டு இல்லை.

"எங்கம்மா லீக்கு? இதுமேல சோறே போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கு."

நான் கழுவியதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "டாக்டர்கிட்ட போறப்போ காய்ச்சலைத் துடைச்சு வீட்டுல வச்சுட்டா போவாங்க?" ஆயில் எங்கிருந்து வழிகிறது என்பதைக் கறையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். ஒரு வாரம் ஓட்ட வேண்டும், கழுவவே கூடாது, பிறகு கொண்டுவர வேண்டும்.

கறையைக் கண்டால் என் கை நிற்பதில்லை. இத்தனை ஆண்டுத் தொழிலில் ஊறிய கை. திரும்பும் வழியெல்லாம் இவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

திங்கள் முதல் தினமும் மாலையில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கிறேன். காலையில் பார்த்தால் ஓரிரு துளிகள் மட்டுமே. முன்பு உள்ளங்கை அளவு விழுந்ததே. ஏன் குறைந்தது? கழற்றியது ஒன்றே ஒன்றைத்தானே?

இந்த எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. நாளை கேனை மறுபடி மாட்டிப் பார்க்கப்போகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

மாட்டி ஓட்டியாயிற்று. அட்டையில் உள்ளங்கை அளவுக்குக் கறை.

அப்போ நான்தானா? நானேதானா?

எல்லாவற்றையும் பிரித்துப்போட்டேன். கேனில் அடைப்பு இல்லை. எஞ்சியது குழாய். கேனுடன் வந்த குழாய் குட்டையாக இருந்தது. எங்கள் நீராவி இஸ்திரிப்பெட்டிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததே, அதை வெட்டிப் போட்டிருந்தேன். கொதிக்கும் நீராவியைத் தாங்குகிற குழாய் இதைத் தாங்காதா என்று எண்ணினேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே—

ஒரு முனையில் வாய் வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. பிளேடால் நெடுக்கில் பிளந்தேன். வெளிப்புறம் புதுசு போல. உட்புற ரப்பர் ஆயிலைக் குடித்துக் குடித்து உப்பி, சளி கட்டிய தொண்டையாக அடைத்துக் கிடந்தது. மூச்சு விட வழியில்லாமல் இன்ஜின் உள்ளுக்குள்ளேயே முக்கியிருக்கிறது. அந்த அழுத்தத்தில் ஆயில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான 'சீல்' என்பதைத் தள்ளிக்கொண்டு வெளியேறியிருக்கிறது. நீராவிக்குப் பழகிய ரப்பர் ஆயிலுக்குப் பழகவில்லை. இது எந்தக் கையேட்டிலும் இல்லை. இருந்திருந்தால் படித்திருப்பேன்.

மார்ச் 16, திங்கள்

பிளந்த இரண்டு துண்டுகளையும் இவரிடம் காட்டினேன். இம்முறை சிரிக்கவில்லை.

"இதை எதுக்கு இன்னும் கையில வச்சிருக்க? குப்பையில போடு. கேனையும் கழட்டிடு. சீல்ல துளித்துளியா வடியுதுல்ல, அவங்களுக்கு அது போதும். வாரண்டில மாத்திக் குடுத்துடுவாங்க."

உண்மைதான். எங்கள் இருவரைத் தவிர எவருக்கும் தெரியாது.

மாலையில் நாத்தனார் வந்தார். தேநீரை வாங்கிக்கொண்டே, "என்ன இன்ஜினியரம்மா, வண்டி என்ன சொல்லுது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "கம்பெனி போட்ட சீலு மட்டம்க்கா. இவ வேலை சுத்தம்."

நவம்பரில் கேட்டுப் பூரித்த அதே சொற்கள். அன்று நம்பிச் சொன்னார். இன்று எனக்காகச் சொன்னார். நான் எழுந்து உள்ளே போய், ஏற்கெனவே மடித்திருந்த விரிப்புகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

குழாயைக் குப்பைக்கூடையில் போட்டேன். எடுத்தேன்.

மார்ச் 18, புதன்

கேனைக் கழற்றிவிட்டு, சர்வீஸ் நிலையத்துக்குத் தனியாகச் சென்றேன். மெக்கானிக் பார்த்தவுடனேயே இடத்தைக் கண்டுபிடித்தார். "முன்பக்க சீலும்மா. வாரண்டில போட்டுடலாம்."

'இக்கசிவுக்கு அடியேன் செய்த மாற்றமே காரணமாக அமைந்தது' என்று வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அது வரவில்லை. துண்டுகளை மேசைமேல் வைத்து, "இது நான் போட்ட குழாய். தப்பான குழாய்" என்றேன். கேனைப் பற்றியும் சொன்னேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஏம்மா காட்டுறீங்க? நான் கேக்கவே இல்லையே."

"நாலு மாசமா மூச்சடைச்சு ஓடியிருக்கு. வேற எங்க கெட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியணும்ல."

வண்டியை விட்டுவிட்டு வந்தேன். மாலையில் அழைத்தார். பின்பக்க சீலும் கசியத் தொடங்கியிருக்கிறது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டுமே எங்கள் செலவு. இந்தச் சேதத்துக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. மற்ற பாகங்களுக்கு அது முன்போலவே செல்லும்.

மார்ச் 21, சனி

வாடகை வண்டியில் மூட்டைகள் போகின்றன. மேற்பார்வையாளர் அம்மா ஒவ்வொன்றையும் முகர்ந்த பிறகே உள்ளே விடுகிறார். இன்றுவரை எதையும் திருப்பவில்லை.

நாத்தனாரிடமும் நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. செலவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அக்கா முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டியே" என்றார். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். அவர் தட்டைக் கழுவினால் கோபம் என்று பொருள்.

நான் பொய்யனாக்கினேனா? என்னைக் காக்கத்தானே அவர் பொய் சொன்னார். இதற்கு என் நேர்த்தியான தர்க்கங்கள் எதிலும் விடை இல்லை.

மார்ச் 27, வெள்ளி

வேன் திரும்பிவிட்டது. மாலையில் வழக்கம்போல அடியில் அட்டையை விரித்தேன். கேன் அலமாரியில் இருக்கிறது. இவர் இன்னும் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்கிறார்.

ஏப்ரல் 1, புதன்

இரவு உணவின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் கேனைத் திரும்ப மாட்டப்போறியா?"

"வாரண்டி முடியுற வரைக்கும் வேணாம். அப்புறமும் எந்தக் குழாய் போடணும்னு மெக்கானிக்கைக் கேட்டு வச்சிருக்கேன்."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் நான் வாசலுக்குப் போனபோது, வண்டிக்கு அடியிலிருந்த அட்டையை எனக்கு முன்பே யாரோ எடுத்து, மடித்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். கறை இல்லை.