தமிழ்ச்செல்வி டி.சி. விஷயம்

உத்திரமேரூர்

அன்பு மகன் தாமோதரனுக்குச் சித்தப்பா வேதாசலம் எழுதுறது. இங்க நானும் உன் சித்தியும் தங்கச்சியும் உசுரோட உடம்போட கீறோம், குவைத்து வெயில்ல நீ வாடாம இருக்கணும்னு சுந்தரவரதருக்கு விளக்கு போட்டேன், என்னைப் பார்த்ததும் பட்டரே எழுந்து நின்னாரு. சொர்ணவாரி நெல்லு என் இடுப்பு உசரம் நிக்குது, அக்ரி ஆபீசரே போட்டோ புடிச்சிக்கினு போனாரு.

போன்ல சொல்லலாம்னா உன் தங்கச்சி தமிழ்ச்செல்வி பக்கத்துலயே கீறா, அதான் லெட்டர். அவ காலேஜை மூடப்போறதா நோட்டீஸ் ஒட்டினாங்க இல்ல, மூணாவது வருசம் போக வேண்டிய பொண்ணு, உன் நைனா போனதுல இருந்து நான் வளக்குற பொண்ணு, சும்மா இருப்பேனா. மத்தவங்கல்லாம் கேட்டாண்ட அழுதுக்கினு நிக்க, நான் நேரா பிரின்சிபால் ரூமுக்குள்ள பூந்து, இன்னா சார் பிள்ளைங்களை நடுத்தெருவுல வுடறீங்கன்னு மேசையைத் தட்டினேன் பாரு, அந்த ஆளு வேர்த்துப் போயிட்டான். அன்னைக்கே டி.சி. வாங்கிட்டேன், நம்ம பொண்ணுதான் மொத ஆளு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை பூரா காட்டினேன். வாங்கறதுக்கு முன்னாடியே, வாணாம் சித்தப்பா, யூனிவர்சிட்டியே எங்க கிளாஸை வேற காலேஜுக்கு மாத்துமாம், கொஞ்சம் பொறுன்னு அவ சொன்னா. உனக்கு இன்னா தெரியும்னு அடக்கிட்டேன்.

அவ சொன்னபடியே ஆச்சு. ரிஜிஸ்டர்ல பேர் இருந்த பிள்ளைங்களை மார்க்கோட திருவள்ளூர் பக்கம் ஒரு காலேஜுக்கு மாத்திட்டாங்க, டி.சி. வாங்கினவங்க தானா படிப்பை வுட்டு நின்னவங்களாம். மெட்ராஸ்ல யூனிவர்சிட்டி ஆபீசுக்கே போனேன், எனக்கு மினிஸ்டர் வரைக்கும் ஆளு கீதுன்னேன், கவுண்டர்ல இருந்த பொம்பள தலையைத் தூக்காமலே, படிச்ச ரெண்டு வருசம் கணக்குல வராது, வேணும்னா மொதல்ல இருந்து சேருங்கன்னுட்டா. டி.சி.யைத் திருப்பிக் குடுக்கலாம்னா பழைய காலேஜ் கேட்டுல பூட்டு.

திங்கக்கிழமையில இருந்து அவ ஒரகடம் கம்பெனி பஸ் ஏறுறா. பெரிய கம்பெனி, ஃபுல் ஏசி, வெள்ளைக்காரனே வந்து போற எடம். இன்னா படிச்சிருக்கன்னு கேட்டதுக்குப் பன்னண்டாவதுன்னு சொன்னாளாம். மெட்ராஸ்ல இதைவிடப் பெரிய காலேஜுல சேர்த்துட்டேன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன், ஆனா அவ யூனிபாரம் போட்டுக்கினு பஸ்ஸுக்கு நிக்கிறதை ஊரே பாக்குது.

நாஷ்டா துன்னாம வேலைக்குப் போவாத, நோய் நொடி இல்லாம நூறு வருசம் நல்லா இரு. ஞாயித்துக்கெழம அவளுக்கு மறக்காம போன் பண்ணு, மறுபடி படிக்கிறியான்னு நீயே கேளு. நான் வாயைத் தொறந்தா எழுந்து போயிடுறா.

உன் சித்தப்பா,
ப. வேதாசலம்